உறைகுளிரில் கதிர்ப்பளவை அளத்தல்



விஞ்ஞானத்தில் வெப்பம், கதிர்த்தொழிற்பாடு, குறைகடத்தி ஆகியவற்றைத் தனித்தனி அலகுகளாகக் கற்கிறீர்கள். ஒரு அலகை முடித்ததும் அந்தக் கொப்பியை மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பது பலரின் வழக்கம். ஆனால் உலகில் எழும் பிரச்சினைகள் அலகு அலகாக வருவதில்லை. இந்த மூன்று அலகுகளும் ஒன்றாகச் சேரும் ஒரு விடயத்தை இக்கட்டுரை விளக்குகிறது. கட்டமைப்பு வினாக்களில் "காரணம் தருக", "உய்த்தறிக" என்று கேட்கும்போது இவ்வாறு இணைத்துச் சிந்திக்கும் பழக்கம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

நாம் விடை தேடப்போகும் வினா இது: மிகவும் குளிரான ஓரிடத்தில், ஒரு பொருள் எவ்வளவு கதிர்ப்பை உறிஞ்சியது என்று எப்படி அறிவது?

1. கதிர்ப்பளவு என்றால் என்ன?

காமாக் கதிரோ வேறு கதிரோ ஒரு பொருளினூடாகச் செல்லும்போது தன் சக்தியில் ஒரு பகுதியை அப்பொருளுக்குக் கொடுக்கிறது. ஒரு கிலோகிராம் பொருள் உறிஞ்சும் சக்தியே உறிஞ்சப்பட்ட கதிர்ப்பளவு எனப்படும். இதன் அலகு கிரே ஆகும்.

1 கிரே = கிலோகிராம் ஒன்றுக்கு 1 யூல்

இது எவ்வளவு சிறிய சக்தி என்பதை நீங்களே கணித்துப் பாருங்கள். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராம் ஒன்றுக்கு, கெல்வின் ஒன்றுக்கு 4200 யூல். ஒரு கிலோகிராம் நீர் 4 கிரே கதிர்ப்பைப் பெற்றால்,

வெப்பநிலை உயர்வு = 4 ÷ 4200 = ஏறத்தாழ 0.001 கெல்வின்

மனித உடலின் பெரும்பகுதி நீர் என்பதால் உடலுக்கும் இக்கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். உடல் முழுவதும் ஒரே தடவையில் ஏறத்தாழ 4 கிரே காமாக் கதிர்ப்பைப் பெற்று, சிகிச்சையும் கிடைக்காவிட்டால், அவ்வாறு பெற்றவர்களில் பாதிப்பேர் வரை இறக்கக்கூடும். அத்தகைய ஆபத்தான அளவு உடலைச் சூடாக்குவதோ ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு மிடறு தேநீர் இதைவிட அதிக வெப்பத்தைக் கொடுக்கும். ஆகவே கதிர்ப்பின் தீங்கு வெப்பத்தால் வருவதன்று. அது மூலக்கூறுகளை அயனாக்கி, பிணைப்புகளை உடைப்பதாலேயே வருகிறது.

இதிலிருந்து இரண்டாவது உண்மையும் பெறப்படுகிறது. சாதாரண வெப்பமானியால் கதிர்ப்பளவை அளக்க முடியாது.

2. மானி உண்மையில் எதை அளக்கிறது?

வெப்பத்தை எளிதில் அளக்க முடியாததால் கதிர்ப்பு ஏற்படுத்தும் வேறொரு மாற்றத்தை அளக்கிறோம். இதற்குப் பயன்படும் கருவி டோசிமீற்றர் எனப்படும் கதிர்ப்பளவுமானி ஆகும். சில வகைகளைப் பாருங்கள்.

(அ) வாயு அயனாக்க அறை: கதிர் வாயுவை அயனாக்கும். தோன்றும் மின்னோட்டம் அளக்கப்படும்.

(ஆ) அலனீன் வில்லை: அலனீன் ஓர் அமினோ அமிலம். கதிர் பட்டதும் அதில் சுயாதீன மூலிகங்கள் தோன்றி நெடுங்காலம் நிலைத்திருக்கும். வில்லையைக் காந்தப்புலத்தில் வைத்து நுண்ணலைகளைச் செலுத்தி அம்மூலிகங்களின் அளவை அறிவர்.

(இ) இலிதியம் புளோரைட்டுப் படிகம்: வைத்தியசாலைக் கதிர்ப்படப் பிரிவு ஊழியர்கள் அணியும் அட்டைகளில் பயன்படுவது. கதிர் விடுவித்த இலத்திரன்கள் படிகத்தின் குறைபாடுகளில் சிக்கிக்கொள்ளும். பின்னர் படிகத்தைச் சூடாக்கும்போது அவை வெளியேறி ஒளி தோன்றும். ஒளியின் அளவு கதிர்ப்பளவைக் காட்டும்.

(ஈ) சிலிக்கன், வைரம் ஆகியவற்றாலான காணிகள்: கதிர் இவற்றினுள் ஏற்றங்களை விடுவிக்கும். அவ்வேற்றங்கள் துடிப்பாகவோ மின்னோட்டமாகவோ சேகரிக்கப்படும்.

இந்நான்கிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எந்த மானியும் கதிர்ப்பளவை நேரடியாகக் காட்டவில்லை. ஒன்று மின்னோட்டத்தையும், ஒன்று மூலிகங்களையும், ஒன்று ஒளியையும், ஒன்று ஏற்றத்தையும் காட்டுகிறது. "இவ்வளவு ஒளி என்றால் இத்தனை கிரே" என்பது நாம் முன்கூட்டியே தயாரித்து வைத்த அட்டவணையைப் பார்த்துச் சொல்வதாகும். தெரிந்த கதிர்ப்பளவைக் கொடுத்து அந்த அட்டவணையைத் தயாரிப்பதே அளவுகோடிடல் எனப்படும்.

அளவுகோடிடல் பெரும்பாலும் அறைவெப்பநிலையில் செய்யப்படுகிறது. அதே மானியை உறைகுளிரில் வைத்தால் அந்த அட்டவணை பொருந்துமா? இதுவே இக்கட்டுரையின் மையம்.

நினைவில் கொள்க: மானி காட்டும் எண் கதிர்ப்பளவன்று. அது மானியில் நிகழ்ந்த மாற்றத்தின் அளவு. அம்மாற்றம் வெப்பநிலையிலும் தங்கியிருக்கும்.

3. உலர்பனிக்கட்டியுடன் ஒரு பெட்டி

மருத்துவப் பொருட்களில் உள்ள நுண்ணங்கிகளைக் கொல்வதற்குக் கோபாற்று-60 வெளிவிடும் காமாக் கதிர்கள் பயன்படுகின்றன. எமது நாட்டில் பியகமவிலும் இத்தகைய கதிர்ப்பூட்டல் நிலையம் உண்டு. கிருமியழித்தலுக்கு உலகில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு 25 கிலோகிரே, அதாவது 25 000 கிரே ஆகும்.

ஊசி, கையுறை போன்றவற்றைச் சாதாரண வெப்பநிலையிலேயே கதிர்ப்பூட்டலாம். ஆனால் சத்திரசிகிச்சையில் நோயாளிக்குப் பொருத்துவதற்காக, கொடையாளர்களிடமிருந்து பெறப்படும் எலும்புத் துண்டுகள் அப்படியல்ல. அதிக கதிர்ப்பு எலும்பிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தைச் சிதைத்து எலும்பை நொறுங்கும் தன்மையாக்கும். எனவே பல இடங்களில் எலும்பை உலர்பனிக்கட்டியுடன் பெட்டியில் வைத்துக் கதிர்ப்பூட்டுவர். உலர்பனிக்கட்டி என்பது திண்மக் காபனீரொட்சைட்டு. அதன் வெப்பநிலை ஏறத்தாழ -78 பாகை செல்சியசு, அதாவது 195 கெல்வின்.

குளிர் ஏன் எலும்பைக் காக்கிறது? கதிர் நீரில் தோற்றுவிக்கும் சுயாதீன மூலிகங்கள் திரவநிலையில் அங்குமிங்கும் ஓடிப் புரதங்களைத் தாக்கும். நீர் உறைந்துவிட்டால் அவை நகர முடியாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். எனவே சேதம் குறையும். ஆனால் இதே காரணத்தால் நுண்ணங்கிகளுக்கும் சேதம் குறையும் என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே கொடுத்த அளவு சரியான அளவுதானா என்பது இங்கு மிகவும் முக்கியமாகிறது. குறைந்தால் கிருமி பிழைக்கும். கூடினால் எலும்பு பலமிழக்கும். இரண்டினாலும் பாதிக்கப்படுபவர் சத்திரசிகிச்சைக் கட்டிலில் இருக்கும் நோயாளியே.

இப்போது பெட்டிக்குள் அலனீன் வில்லையை வைப்போம். ஒரே கதிர்ப்பளவைக் கொடுத்தாலும், குளிரில் அலனீனில் அளக்கப்படும் மூலிகங்களின் அளவு குறைகிறது. அறைவெப்பநிலையை அண்டிய வீச்சில் இம்மாற்றம் பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.1 முதல் 0.2 வீதம் வரை. ஒரு பாகைக்கு இது அற்பம். நூறு பாகை வித்தியாசத்துக்கு அப்படியன்று.

உதாரணக் கணக்கு: 25 பாகை செல்சியசில் அளவுகோடிடப்பட்ட வில்லை ஒன்று -75 பாகை செல்சியசில் கதிர்ப்பூட்டப்படுகிறது. துலங்கல் பாகை ஒன்றுக்கு 0.15 வீதம் குறைகிறது எனக் கொள்க.

வெப்பநிலை வித்தியாசம் = 25 - (-75) = 100 பாகை
துலங்கலில் குறைவு = 100 × 0.15 = 15 வீதம்
உண்மை அளவு 25 கிலோகிரே எனின், மானி காட்டுவது = 25 × 0.85 = 21.25 கிலோகிரே

இதைக் கண்ட ஊழியர் "இன்னும் போதவில்லை" என்று எண்ணி, மானி 25 காட்டும் வரை கதிர்ப்பூட்டினால்,

உண்மை அளவு = 25 ÷ 0.85 = 29.4 கிலோகிரே

நாலு கிலோகிரேக்கு மேல் கூடிவிட்டது. இயந்திரம் பழுதடையவில்லை. ஊழியர் கவனக்குறைவாகவும் இருக்கவில்லை. மானியிடம் "எந்த வெப்பநிலையில்?" என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கணக்கில் 0.15 என்ற ஒரே எண்ணை நூறு பாகைக்கும் பயன்படுத்தியது இலகுவுக்காகவே. உண்மையில் மிகக் குளிர்ந்த வீச்சில் இவ்வீதம் மாறாமல் இருப்பதில்லை. எனவே கடதாசியில் கணித்துத் திருத்துவதைவிடப் பின்வரும் வழிகளே நம்பகமானவை.

(அ) மானியைப் பயன்படுத்தப்போகும் அதே குளிரிலேயே அளவுகோடிடல்.

(ஆ) மானியைக் குளிரிலிருந்து காப்பிட்டு, வெப்பநிலை தெரிந்த ஓரிடத்தில் பெட்டிக்கு வெளியே வைத்தல். முன்னதாக, அதே அமைப்புள்ள மாதிரிப் பெட்டியை அறைவெப்பநிலையில் கதிர்ப்பூட்டி, வெளியே உள்ள அளவுக்கும் உள்ளே உள்ள அளவுக்கும் இடையிலான விகிதத்தைக் காண்பர். காமாக் கதிர் பொருளுக்குக் கொடுக்கும் சக்தி அப்பொருளின் வெப்பநிலையில் தங்கியிருப்பதில்லை. எனவே பெட்டியின் அமைப்பும் பொருட்களின் அடர்த்தியும் மாறாதவரை அவ்விகிதம் குளிரிலும் பொருந்தும்.

4. படிகத்தில் சிக்கிய இலத்திரன்கள்

இலிதியம் புளோரைட்டு போன்ற படிகங்களில் வேறொரு சிக்கல் உண்டு. படிகத்திலுள்ள குறைபாடுகளைப் பள்ளங்களாகக் கற்பனை செய்யுங்கள். சில ஆழமானவை, சில ஆழமற்றவை. இலத்திரன்கள் அவற்றில் விழுந்த தவளைகள். வெப்பநிலை கூடினால் தவளை உயரமாகத் துள்ளும்.

அறைவெப்பநிலையில் ஆழமற்ற பள்ளத்தில் விழுந்த தவளை உடனே துள்ளி வெளியேறிவிடும். ஆழமான பள்ளத்தில் விழுந்தது மட்டும் தங்கும். இலிதியம் புளோரைட்டில் அதை வெளியேற்ற ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வரை சூடாக்க வேண்டும். அப்போது தோன்றும் ஒளியே வழமையாக அளக்கப்படுகிறது.

உறைகுளிரில் நிலைமை வேறு. ஆழமற்ற பள்ளத்தில் விழுந்த தவளையாலும் துள்ள முடியாது. எல்லாப் பள்ளங்களும் நிரம்பி நிற்கும். படிகத்தை வெளியே எடுத்து அறையில் வைத்தவுடன் ஆழமற்ற பள்ளங்களிலிருந்தவை வெளியேறத் தொடங்கும். நாம் வாசிப்பதற்கு முன்பே ஒரு பகுதி ஒளி வீணாகிவிடும். வெளியேறியவற்றுள் சில வேறு பள்ளங்களிலும் விழலாம். ஆகவே, குளிரில் கதிர்ப்பூட்டிய படிகத்தை எவ்வளவு வேகமாகச் சூடாக்கினோம், வாசிக்கும் வரை எவ்வளவு நேரம் வைத்திருந்தோம் என்பவற்றையும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிப் பேண வேண்டும்.

5. அதைவிடக் குளிர்ந்த ஓர் இடம்

-78 பாகையே குளிர் என்று எண்ணினீர்களாயின், -271 பாகை செல்சியசில், அதாவது 1.9 கெல்வினில் அளக்க வேண்டிய ஓரிடத்தைப் பார்ப்போம். தனிப்பூச்சியத்திலிருந்து இரண்டு பாகைகூட இல்லை. விண்வெளியின் பின்னணி வெப்பநிலையே 2.7 கெல்வின்தான்.

சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில் ஜெனீவாவுக்கு அருகே, சேர்ன் என்னும் ஐரோப்பிய ஆய்வு நிறுவனம் நிலத்துக்கு ஏறத்தாழ 100 மீற்றர் கீழே, 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள துகள் ஆர்முடுக்கி ஒன்றை அமைத்தது. 2008 இல் அது முதன்முதலில் இயக்கப்பட்டது. அதில் புரோத்தன் கற்றைகளை வளைப்பதற்கு 1232 பெரிய மின்காந்தங்கள் உள்ளன. இவற்றின் கம்பிச் சுருள்கள் மீகடத்திகள். திரவ ஈலியத்தால் 1.9 கெல்வினுக்குக் குளிர்த்தப்பட்ட நிலையில் அவை தடையின்றி மின்னைக் கடத்தும்.

கற்றையிலிருந்து சில புரோத்தன்கள் வழிதவறிக் காந்தத்தில் மோதினால் அங்கே கதிர்ப்பு உண்டாகும். அச்சக்தி சுருளைச் சூடாக்கும். கன சென்ரிமீற்றர் ஒன்றுக்குச் சில மில்லியூல் முதல் சில பத்து மில்லியூல் வரை போதும், மீகடத்துதிறன் அழிந்துவிடும். உடனே தடை தோன்றும், மின்னோட்டம் சுருளை மேலும் சூடாக்கும். அதற்குமுன் கற்றையை வெளியேற்றிவிட வேண்டும்.

இப்படிப்பட்ட இயந்திரத்தில் ஒரு பழுதின் விலை என்னவென்பதை 2008 செப்ரெம்பர் 19 இல் நிகழ்ந்த விபத்து காட்டியது. அதற்குக் காரணம் கதிர்ப்பன்று, பழுதான ஒரு மின்னிணைப்பு. ஆயினும் பல தொன் ஈலியம் வெளியேறியது, 53 காந்தங்களை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. மீண்டும் இயக்குவதற்கு 2009 நவம்பர் வரை காத்திருந்தனர்.

ஆகவே ஏறத்தாழ 4000 காணிகள் ஆர்முடுக்கியைச் சுற்றிக் காவல் காக்கும்படி பொருத்தப்பட்டன. இவற்றுட் பெரும்பாலானவை நைதரசன் வாயு நிரப்பிய அயனாக்க அறைகள். இவற்றைக் காந்தத்தின் குளிர்க்கலத்துக்கு வெளியே வைத்தனர். ஏன் உள்ளே வைக்கவில்லை? வாசிப்பை நிறுத்தி ஒரு நிமிடம் சிந்தியுங்கள்.

விடை: நைதரசன் -196 பாகை செல்சியசில் திரவமாகும், -210 பாகை செல்சியசில் உறையும். 1.9 கெல்வினில் அறைக்குள் வாயுவே இராது. அளக்கும் கருவி ஒரு பனிக்கட்டியாகிவிடும்.

ஆனால் வெளியே வைப்பதிலும் ஒரு குறை உண்டு. இரு கற்றைகள் மோதும் இடங்களுக்கு அருகில், மோதலால் சிதறும் துகள்களும் காணியில் விழுகின்றன. அந்த இரைச்சலுக்குள், வழிதவறிய புரோத்தன்கள் தரும் சிறிய சைகை மறைந்துபோகலாம். எனவே சுருளுக்கு அருகிலேயே, திரவ ஈலியத்துக்குள் வைக்கக்கூடிய காணிகளைத் தேடினர். சிலிக்கனும் வைரமும் சோதிக்கப்பட்டன. திரவ ஈலியத்தையே அயனாக்கும் ஊடகமாகக் கொண்ட காணியும் சோதிக்கப்பட்டது.

சிலிக்கனுக்குக் குளிரால் ஒரு நன்மை உண்டு. குறைகடத்தியின் வெப்பநிலை குறையும்போது சுயாதீன ஏற்றங்கள் குறையும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். எனவே கதிர் இல்லாதபோது கசியும் மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனால் நீண்டகாலக் கதிர்ப்பு படிக அமைப்பையே சிதைக்கும். கடுங்குளிரில் அணுக்கள் அசைந்து தம் பழைய இடத்துக்குத் திரும்புவதும் அரிது. ஆகவே காயம் ஆறாது. 2012 ஆம் ஆண்டளவில் செய்த சோதனைகளில், 20 ஆண்டுகளில் சேரலாம் எனக் கணிக்கப்பட்ட 20 இலட்சம் கிரே அளவு கொடுக்கப்பட்டபோது, சிலிக்கனின் சைகை ஏறத்தாழ 25 மடங்கும் வைரத்தின் சைகை ஏறத்தாழ 14 மடங்கும் குறைந்தன. அதாவது முதல் ஆண்டு அட்டவணையைக் கொண்டு கடைசி ஆண்டு எண்ணை வாசிக்க முடியாது. "எந்த வெப்பநிலையில்?" என்பதோடு "இதுவரை எவ்வளவு கதிர்ப்பைப் பெற்ற மானி?" என்றும் கேட்க வேண்டும்.

6. குளிரே கைகொடுக்கும் ஒரு வழி

இதுவரை குளிரைப் பகைவனாகவே பார்த்தோம். முதற்பகுதியில் கைவிட்ட வழிக்கு இப்போது திரும்புவோம். வெப்பத்தை நேரடியாக அளந்தால் என்ன?

செப்பின் தன்வெப்பக் கொள்ளளவு அறைவெப்பநிலையில் ஏறத்தாழ 400 யூல். 4 கெல்வினிலோ ஏறத்தாழ 0.1 யூல்தான். நாம் மாறிலியாக எடுத்துக் கணிக்கும் அவ்வெண் உண்மையில் மாறிலியன்று. தாழ்ந்த வெப்பநிலையில் அது ஏன் இவ்வாறு வீழ்கிறது என்பதை 1907 இல் ஐன்ஸ்டைனும் 1912 இல் டிபாயும் அணுக்களின் அதிர்வைக் கொண்டு விளக்கினர்.

0.01 கிரே கதிர்ப்பைச் செப்புத் துண்டு ஒன்றுக்குக் கொடுப்போம்.

அறைவெப்பநிலையில் உயர்வு = 0.01 ÷ 400 = 0.000025 கெல்வின்
4 கெல்வினில் உயர்வு = 0.01 ÷ 0.1 = 0.1 கெல்வின்

4000 மடங்கு வித்தியாசம்! முன்னையதை அளப்பது மிகக் கடினம். பின்னையதைக் குளிர்நிலை வெப்பமானியால் அளக்கலாம். இம்முறையில் மூலிகம், ஒளி, ஏற்றம் என்ற இடைத்தரகர் எவருமில்லை. கிலோகிராம் ஒன்றுக்கு எத்தனை யூல் என்ற வரைவிலக்கணத்தையே அளக்கிறோம். ஆனால் இங்கும் தன்வெப்பக் கொள்ளளவை அந்த வெப்பநிலையிலேயே அறிந்திருக்க வேண்டும். சிறு வெப்பம் சேர்ந்தவுடன் மீகடத்திச் சுருள் தன் இயல்பை இழப்பதற்கும் இதே காரணமே. ஒரே பண்பு ஓரிடத்தில் ஆபத்தாகவும் இன்னோரிடத்தில் உதவியாகவும் அமைகிறது.

7. பயிற்சி வினாக்கள்

(1) 25 கிலோகிரே கதிர்ப்பைப் பெறும் நீரின் வெப்பநிலை எவ்வளவால் உயரும்? வெப்ப இழப்பைப் புறக்கணிக்க.

(2) எலும்புத் துண்டுகளைக் குளிரில் கதிர்ப்பூட்டுவதால் உண்டாகும் ஒரு நன்மையையும் ஒரு சிக்கலையும் தருக.

(3) 1.9 கெல்வினில் நைதரசன் அயனாக்க அறை இயங்காமைக்குக் காரணம் தருக.

(4) மாணவன் ஒருவன் "மானி புதியது, ஆகவே அது காட்டும் எண் சரியானது" என்கிறான். இக்கூற்றைப் பற்றி உமது கருத்து யாது?

விடைக் குறிப்புகள்

(1) 25 000 ÷ 4200 = ஏறத்தாழ 6 கெல்வின்.

(2) நன்மை: மூலிகங்கள் நகர முடியாமையால் புரதச் சேதம் குறையும். சிக்கல்: நுண்ணங்கிகளுக்கும் சேதம் குறையும் அல்லது மானியின் துலங்கல் மாறும். ஒன்றைத் தந்தாற் போதும்.

(3) நைதரசன் உறைந்து திண்மமாகியிருக்கும். அயனாக்குவதற்கு வாயு இராது.

(4) கூற்று போதாது. மானி எந்த வெப்பநிலையில் அளவுகோடிடப்பட்டது, எந்த வெப்பநிலையில் பயன்பட்டது என்பவற்றையும் அறிய வேண்டும்.

நான்காவது வினாவுக்கு "பிழை" என்று ஒரே சொல்லில் எழுதினால் புள்ளி கிடைக்காது. காரணத்தையும் எழுதுங்கள். இரசாயனத்திலோ பௌதிகத்திலோ ஓர் எண்ணை எடுத்தெழுதும் போதெல்லாம், அது எந்த நிலைமையில் பெறப்பட்டது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பரீட்சை மண்டபத்திலும் ஆய்வுகூடத்திலும் அது உங்களைக் காக்கும்.